மூடியின் உட்பக்கம்

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினாலும் எனக்குத் தூக்கம் பிடிக்காது. எழுந்துபோய்க் கதவைத் தட்டி, இறுக்கி மூடச் சொல்லிவிட்டுத்தான் வந்து படுப்பேன். எங்கள் தெருவில் எனக்குப் பாம்புக்காது என்று பெயர். இதோ, இந்த அறையின் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகுகிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். முடிந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். முடியாவிட்டாலும் குற்றமில்லை, நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மச்சானை அந்தக் கப்பலுக்குள் வைத்து மூடியது நான்தான். அதில் ஒளிவுமறைவு கிடையாது. ஏன் என்பதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வேலை துரு சுரண்டுவது. அருங்காட்சியகத்தில் அதற்கு வாய் நிறைய ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு யாராவது வந்து என்னைக் கேட்டால் என் மனைவி, "துரு சுரண்டப் போயிருக்காரு" என்றுதான் சொல்வாள். தப்பில்லை, அதைத்தான் செய்கிறேன்.

துறைமுகத்தில் சேறு வாரும்போது அந்தக் கப்பல் மாட்டியபோது நான் வேலையில் சேர்ந்த புதிது. பார்வைக்கு ஒரு நீளமான இரும்புப் பீப்பாய், மேலெல்லாம் சிப்பி. பழைய பாய்லர் என்று முடிவுகட்டி, இரும்புக் கடைக்காரருக்குப் பேசியும் முடித்துவிட்டார்கள். வெட்டுகிறவர் நெருப்பைப் பற்றவைத்துக்கொண்டு வந்தபோது, சேறு வழிந்த ஓர் இடத்தில் தடித்த வட்டக் கண்ணாடி ஒன்று என்னைப் பார்த்தது. நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

"சார், நகருங்க. எனக்கு இன்னும் ரெண்டு எடத்துல வேலை கெடக்கு," என்றார் அவர்.

"பாய்லருக்கு எதுக்குய்யா ஜன்னல்?" என்றேன்.

அவர் நெருப்பை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். ஆனால் நான் நகரவில்லை. அது பாய்லர் இல்லை, நீர்மூழ்கி. நீருக்கடியில் போகும் கப்பல் என்றால் ஊரே சிரித்திருக்கக்கூடிய காலத்தில், பாய்லர் தகடுகளை வளைத்து ஒருவர் செய்தது. உள்ளே ஐந்து பேரின் எலும்புகள். ஆளுக்கொரு இருக்கையில், கையால் சுற்றும் தண்டுக்கு முன்னால், இருந்தபடியே இருந்தார்கள்.

அதைச் செய்தவர் யார் என்று தேடுவதிலேயே என் இளமை போயிற்று. பழைய செய்தித்தாள்களின் தூசியைத் தின்று தீராத இருமல் வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் கிடைத்தார். துறைமுகத்தில் பாய்லர் செய்கிறவர். ஊர் அவரைப் பாய்லர்காரர் என்றே கூப்பிட்டிருக்கிறது, நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பெரிய மனிதர்கள் கரையில் நின்று பார்க்க, ஒரு வெள்ளோட்டம் விட்டார். ஐந்து பேரை உள்ளே உட்காரவைத்து, மேல்மூடியை வெளியிலிருந்து தன் கையாலேயே முடுக்கினார். கப்பலில் ஒரு சங்கிலி, சங்கிலியின் மறுமுனை மேலே மிதந்த தெப்பத்தில், தெப்பத்தில் சங்கிலி சுற்றும் சக்கரத்தோடு இவர். சொன்ன நேரம் வரை கப்பல் அடியில் இருக்க வேண்டும், பிறகு இவர் இழுக்க வேண்டும். அப்படியே இழுத்தார். சேற்றில் புதைந்த கப்பல் வரவில்லை, சங்கிலி அறுந்துவிட்டது.

விசாரணையில் அவரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் தட்டவில்லையா? தட்டியது கேட்டிருந்தால் முன்னதாகவே இழுத்திருக்கலாமே? அவர் சொன்னார், "எனக்கு எதுவும் கேட்கவில்லை." ஊர் நம்பவில்லை. பெரிய மனிதர்கள் முன்னால் தலைகுனிவாகிவிடும் என்று பொறுத்துப்பார்த்த பாவி என்றது. அவர் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவன்கூட வருவதை நிறுத்திவிட்டான். அதோடு அவர் பெயரும் முங்கிப்போயிற்று.

நான் நம்பினேன். அந்த மனிதரை நம்பிய ஒரே ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தடித்த இரும்பு, அதற்கு மேல் அவ்வளவு தண்ணீர், எப்படிக் கேட்கும்? அதோடு, இருக்கையை விட்டு யாரும் எழுந்திருக்கவே இல்லையே. பதறாமல், கூச்சல் போடாமல், காற்று தீர்ந்து தூங்கிப்போனார்கள். இதைத்தான் புத்தகமாக எழுதினேன். இதைத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். அருங்காட்சியகத்தில் அந்தக் கப்பலை ஒரு பெரிய தொட்டிக்குள் நிறுத்திவைத்திருக்கும் கூடத்துக்கு இப்போது அவர் பெயரையே வைக்கப்போகிறார்கள். கல்வெட்டுகூடத் தயார். செத்த மனிதரின் பழியைத் துடைப்பது சின்ன வேலையா, சொல்லுங்கள்.

இப்போது என் மச்சான். மனைவியின் தம்பி. வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். எங்கள் கல்யாணத்தின்போது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, போட்டோக்காரருக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தான். மாமனார், மாமியார் அடுத்தடுத்துப் போனபிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அந்தக் குறை தெரியாமல் என் மனைவி அவனை வளர்த்தாள். படிப்பில் சூடிகை. என்னைப் பார்த்தே உலோகங்களைப் பற்றிப் படித்தான், வெளியூரில் பெரிய பட்டம் வாங்கினான், திரும்பி வந்து என் கூடத்திலேயே சேர்ந்தான். அருங்காட்சியக இயக்குநர் அம்மாவிடம் சிபாரிசு செய்ததும் நான்தான்.

அவனுக்கு ஒரு குணம். என் முகத்தைப் பார்த்தே மனதைப் படித்துவிடுவான். அவன் பள்ளியில் படிக்கும்போது ஒருநாள், அவன் வளர்த்த மீன் செத்துப்போனதை மறைத்து, அதேபோல் இன்னொன்று வாங்கித் தொட்டியில் விட்டேன். வீட்டுக்குள் நுழைந்தவன் தொட்டியைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துத்தான் அழுதான்.

மேல்மூடியின் உட்பக்கம் மட்டும் வெகுநாள் சுத்தம் செய்யப்படாமல் கிடந்தது. அங்கே துருவும் சுண்ணாம்பும் கல்லாக இறுகியிருந்தன. நான் அவசரப்படவில்லை. சின்னவன்தான் மல்லாந்து படுத்துக்கொண்டு, பல் வைத்தியர் போல, கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுத்தான். ஒரு நாள் உள்ளே இருந்து கூப்பிட்டான்.

"அத்தான், கொஞ்சம் வாங்களேன்."

விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினான். இரும்பில் சின்னச் சின்னப் பள்ளங்கள். மூன்று, கொஞ்சம் இடம், மறுபடி மூன்று. மூடி முழுக்க அப்படி.

"தகட்ட இணைக்க ரிவெட் அடிச்ச தடம்," என்றேன்.

"ரிவெட் அடிக்கிறவன் மூடிக்கு நடுவுல எதுக்கு அத்தான் அடிக்கப்போறான்? அதுவும் உள்ள இருந்து?" சுற்றும் தண்டின் கைப்பிடி ஒன்று உள்ளே கழன்று கிடந்தது, அதன் முனையை எடுத்து ஒரு பள்ளத்தில் வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. "தட்டியிருக்காங்க. மாத்தி மாத்தி எழுந்து வந்து தட்டிட்டு, முடியாம போய் உக்காந்திருக்காங்க."

அந்த ஐந்து பேர் அவனுக்கு அன்றைக்குத்தான் செத்தது போல, கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் கலங்கினேன். அவர்களுக்காக இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் என்னைக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் செய்தது வேறு. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, அக்கா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னான். "அத்தான், இத நான் எழுதல. நீங்களே எழுதுங்க. கண்டுபிடிச்சது நீங்கன்னே வரட்டும். பாய்லர்காரர் பேரக் கூடத்துக்கு வைக்கிறத மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்க." எனக்குப் பிச்சை போடுகிறான். நான் வாங்கிக்கொடுத்த வேலையில் உட்கார்ந்துகொண்டு, என் ஆயுசை எடுத்து எனக்கே தானம் செய்கிறான். நான் ரசத்தைப் பிசைந்துகொண்டு, "பார்க்கலாம்" என்றேன்.

தட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம், மேலே கேட்டிருக்காது என்று பிறகு அவனிடம் வாதாடினேன். அதுதானே முக்கியம். கேட்காத மனிதர்மேல் என்ன பழி? அவன் யோசித்தான். நியாயஸ்தன் அவன், யார் பக்கத்தில் நியாயம் இருந்தாலும் ஒத்துக்கொள்வான்.

"அப்ப சோதிச்சுப் பாத்துருவோம் அத்தான். கப்பல் நிக்கிற தொட்டில தண்ணி ஏத்துவோம், மூடி மட்டும் வெளிய தெரியட்டும். நான் உள்ள போறேன். நீங்க முடுக்கிட்டு மேல நில்லுங்க. மூணு மூணாத் தட்டறேன். கேட்டா உடனே திறந்துடுங்க. கேட்டுச்சுன்னு அர்த்தம். கேக்கலைன்னா சும்மா இருங்க, அரை மணி நேரம் கழிச்சுத் திறங்க. நீங்க சொல்றதுதான் சரின்னு நானே எழுதறேன்."

ஒப்பந்தத்தைக் கவனித்தீர்களா? நான் திறந்தால் கேட்டது என்று அர்த்தம். இதை அவன்தான் சொன்னான், நான் சொல்லவில்லை.

மூடியைப் பற்றி நீங்கள் முன்பே கேட்டீர்கள். உள்ளே இருந்து திறக்க ஏன் ஒரு கைப்பிடி இல்லை என்று. இயக்குநர் அம்மாவும் கேட்டார்கள். பழைய திருகுகள் உளுத்துப்போனதால், அதே இடத்தில், அதே மாதிரி, வெளியே மட்டும் புதுத் திருகுகள் போட்டவன் நான். "உள்ள ஆள் வேலை செய்யற இடம், பாதுகாப்புக்கு ஒரு கைப்பிடி வச்சுடுங்களேன்," என்றார்கள். மறுத்துவிட்டேன். பாய்லர்காரர் வைக்காததை நான் வைக்க மாட்டேன். எங்கள் தொழிலில் அதுதான் முதல் தர்மம், அசலில் இல்லாத ஒரு ஆணியைக்கூடச் சேர்க்கக் கூடாது. அவர்களும் தொழில் தெரிந்தவர்கள், ஒத்துக்கொண்டார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது மூடியை மூடவே கூடாது, திறந்த மூடி வழியாகப் புளோயர் குழாய் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதற்குப் பதிலாக ஒரு விதி போட்டோம். ஈர இரும்பு காற்றைத் தின்னும், ஐயா. துரு ஏறுவது என்றால் அதுதான். மூடிக்கிடக்கும் அந்த வயிற்றுக்குள் நல்ல காற்று தானாகக் குறைந்துகொண்டே வரும். உள்ளே போகிறவனுக்கு எதுவும் தெரியாது, நாற்றம்கூட இருக்காது.

விடுமுறை நாள். கூடத்தில் யாரும் இல்லை, வாசலில் காவலாளி மட்டும். காலையில் சாப்பிடும்போது சின்னவன் அக்காவிடம் உற்சாகமாகச் சொன்னான், "இன்னைக்குப் புளோயரக்கூட நிறுத்திடுவோம்க்கா. ஊசி விழுந்தா கேக்கும். அத்தான் காதப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே." அவள் சிரித்தாள். "அந்தக் காதக் கட்டிக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான தெரியும். மதியம் ரெண்டு பேரும் நேரத்துக்கு வந்து சேருங்க," என்றாள்.

தொட்டியில் மூடிக்குக் கீழே வரை தண்ணீர் ஏற்றினோம். அவன் உள்ளே போவதற்கு முன்னால் புளோயரை ஓட்டிக் காற்றை மாற்ற வேண்டும். நான்தான் ஓட்டினேன். கொஞ்ச நேரம்தான் ஓட்டினேன், அந்த இரைச்சல் எனக்குத் தாங்கவில்லை. "நல்லா ஓடுச்சா அத்தான்?" என்றான். ஓடியது என்றேன். ஓடியது உண்மைதானே. காற்றை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை அவன் எப்போதும் சட்டையில் மாட்டியிருப்பான், காற்று கெட்டால் அது கீச்சிடும். "அது கத்திச்சுன்னா தட்டற சத்தத்தோட குழம்பும்" என்றேன். "அதுவும் சரிதான்" என்று கழற்றி மேசைமேல் வைத்தான். பக்கத்திலேயே போனையும் வைத்தான். அந்த இரும்புக்குள் போன் எடுக்காது.

இறங்கும்போது நிமிர்ந்து பார்த்து, "தோத்தா நீங்க எனக்குப் புது ஷூ வாங்கித் தரணும்," என்றான். நான் மூடியை வைத்து நான்கு திருகுகளையும் முடுக்கினேன். ரப்பர் வளையம் பிதுங்கும் வரை முடுக்கினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தெப்பத்தில் பாய்லர்காரர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று முதல் தடவையாக எனக்கு உடம்போடு புரிந்தது. எத்தனை வருஷம் அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், இது தெரியாமல் எழுதியிருக்கிறேன். கரையில் அத்தனை கண்கள். எழுந்து சக்கரத்தைத் தொட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். எழவே முடியாது, ஐயா. உள்ளே இருப்பவர்கள்தான் அடைபட்டவர்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காவது தட்டுவதற்கு ஒரு மூடி இருந்தது.

அரை மணி நேரம் ஆனதும் ஏன் திறக்கவில்லை என்பது உங்கள் அடுத்த கேள்வி. திறக்கத்தான் எழுந்தேன். ஸ்பேனரைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் அவன் முகம் நினைவுக்கு வந்தது. வெளியே தலையை நீட்டியதும் என்னைத்தான் பார்ப்பான். கேட்டுதா என்று கேட்கக்கூட மாட்டான். மீன் தொட்டியைப் பார்க்காதவன் அவன். என்னால் வாயால் சொல்ல முடியும், முகத்தை என்ன செய்வது? கொஞ்சம் பொறுத்தால், எல்லாம் அமைதியானபிறகு திறந்தால், எதுவும் கேட்கவில்லை என்று சொல்வதில் அப்போது பொய் இருக்காது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. இப்போது உங்களிடம் சொல்லும்போதும் அதில் பெரிய ஓட்டை தெரியவில்லை.

மேசைமேல் அவன் போன் அடித்து ஓய்ந்தது. பிறகு என் போன். மனைவி.

"என்னங்க, ரெண்டு பேரும் எங்க? சோறு ஆறுது. சின்னவன் போன எடுக்க மாட்டேங்குறான்."

"வேலையா இருக்கான்."

"கிட்டத்தான இருக்கான்? குடுங்க."

"உள்ள இருக்கான். வந்துடுவோம்."

போனை வைக்கப்போனவள் மறுபடி கேட்டாள். "அது என்ன சத்தம்?"

"எது?"

"டொக்கு டொக்குனு கேக்குதே."

"புளோயர்," என்றேன்.

"சரி, சீக்கிரம் வாங்க," என்று வைத்துவிட்டாள். காலையில் அவன் புளோயரைப் பற்றிச் சொன்னது அவளுக்கு அப்போது நினைவில்லை. மறுநாள் நினைவு வந்திருக்கிறது. இங்கே வந்து உங்களிடம் சொன்னதும் அவள்தான் என்று எனக்குத் தெரியும், நீங்கள் மழுப்ப வேண்டாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் மூக்கை உறிஞ்சுவது இங்கே கேட்கிறது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

அமைதியானபிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு திறந்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நான்தான் கூப்பிட்டேன், காவலாளி இல்லை. சின்னவன் முன்வரிசை இருக்கையில், கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூங்குகிறவன் மாதிரிதான் இருந்தான். புத்தகத்தில் நான் எழுதியது அச்சாக அதுதான். மூடியின் உட்பக்கம் பழைய பள்ளங்களுக்குப் பக்கத்தில் புதிதாகச் சில, துருவில்லாமல் பளிச்சென்று இருப்பதை உங்கள் ஆட்கள் படம் எடுத்தார்கள். பழையதையும் புதியதையும் அளந்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே அளவுதான் வரும். அந்த விஷயத்தில் சின்னவன் சொன்னது சரி, அதை நான் என்றைக்கும் மறுக்க மாட்டேன். அவனுக்குச் சேர வேண்டிய பெயர் சேரட்டும்.

ஆனால் கூடத்துக்குப் பாய்லர்காரர் பெயரை வைப்பதை நிறுத்த வேண்டாம். தட்டியது வேறு, கேட்டது வேறு. தட்டியதற்குத்தான் இரும்பில் தடயம் இருக்கும். கேட்டதற்கு எங்கே தடயம் இருக்கிறது? அவள் போனில் கேட்டது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான்.

அதனால் என் வாக்குமூலத்தில் இதைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் முதலில் இரும்பால்தான் தட்டினான், பேசிவைத்தபடி மூன்று மூன்றாக, அவசரமே இல்லாமல். பிறகு கணக்குத் தப்பிப்போயிற்று. பிறகு உள்ளங்கையால். அத்தான் என்று ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருந்தால் சத்தியமாகத் திறந்திருப்பேன், ஐயா. கடைசிவரை அவன் அக்காவைத்தான் கூப்பிட்டான்.